சுழலும் கத்தியும் இடது கையும்: ஷ்வேஷ்வே துணியில் ஒரு குயில்ட் வெட்டிய பதிவு

60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒரு குயில்ட் போர்வைக்குத் தேவையான 180 துண்டுகளையும், கத்தரிக்கோலைத் தொடாமல், ரோட்டரி கட்டரால் மட்டுமே வெட்டி முடித்தேன். முடிப்பதற்கு முன் ஒரு மாலையில் என் விரலையும் வெட்டிக்கொண்டேன். ஐந்து வார இறுதிகளில் நடந்த இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி, கத்தியை உருட்டும் வலது கையைப் பற்றியதாக இல்லாமல், அளவுகோலை அழுத்திப் பிடிக்கும் இடது கையைப் பற்றியதாகவே அமைந்தது. வெட்டு கோணலாவதும் அந்தக் கையால்தான். காயம் படுவதும் அந்தக் கைக்குத்தான். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் இப்பதிவில் நான் வலம் என்று சொல்லும் இடங்களை இடமாக மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தீபாவளிக்குச் சோமாசியின் ஓரத்தை வெட்டும் சக்கரக் கரண்டியைப் பார்த்தவர்களுக்கு ரோட்டரி கட்டரை விளக்க வேண்டியதில்லை. அதே உருவம்தான், ஆனால் சக்கரத்தின் விளிம்பு சவர அலகைப்போலக் கூரியது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இதை ஆடை தைப்பவர்களுக்காக வெளியிட்டது. குயில்ட் செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டபின் துண்டுதுண்டாக வார்ப்பு அட்டை வைத்து வரைந்து கத்தரிக்கும் பழைய முறை பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. அலகின் விட்டத்தைக்கொண்டு 18, 28, 45, 60 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் இது விற்கப்படுகிறது. வளைவுகளுக்கும் சிறு துண்டுகளுக்கும் 28, நேர்ப்பட்டைகளுக்கு 45, தடித்த அடுக்குகளுக்கு 60 என்பது பொதுவான வழக்கம். முதன்முதலாக வாங்குபவர் 45ஐ வாங்குவதே நல்லது. 18 கையில் அடங்கிப் பாதுகாப்பானதுபோலத் தோன்றினாலும், நீண்ட வெட்டில் அது தடுமாறும். தடுமாறும் கத்தியை நாம் கூடுதலாக அழுத்துவோம். அழுத்திய கத்திதான் அளவுகோலின் மேல் ஏறும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். இங்குள்ள பழைய வீடுகளில் தனியாக ஒரு வெட்டு மேசைக்கு இடம் கிடையாது. எனக்கு வாய்த்தது சமையலறைத் திண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமுள்ள திண்டின்முன் நின்றுகொண்டு வெட்டும்போது தோளின் எடை நேராக அளவுகோலின்மேல் இறங்குகிறது. சாப்பாட்டு மேசையில் குனிந்து வெட்டிப் பார்த்த முதல் நாளில் முதுகு வலித்தது. உட்கார்ந்து வெட்டிப் பார்த்தபோது அளவுகோலின் கடைசி ஓரம் கைக்கு எட்டாமல் நழுவியது. உட்கார்ந்து வெட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

திண்டின்மேல் விரிக்கும் வெட்டு விரிப்பு, கீறல் தானே மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது, 60க்கு 90 சென்டிமீட்டர். அதை வாங்கிய அன்றே ஒரு தவறு செய்தேன். பிப்ரவரி மாத டர்பன் வெயிலில் அதைக் காரின் பின்னிருக்கையில் சாய்த்து வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அது அப்பளம்போல வளைந்திருந்தது. தரையில் விரித்து, மெத்தைக்கு அடியில் ஒரு வாரம் வைத்தபின் பெரும்பகுதி படிந்தாலும், ஒரு மூலை இன்றுவரை இலேசாகத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. தூக்கிய மூலையில் அளவுகோல் ஆடும் என்பதால் அந்த இடத்தை நான் பயன்படுத்துவதில்லை. இதே காரணத்தால் இந்த விரிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியையோ சூடான தேநீர்க் குவளையையோ வைக்கக் கூடாது.

விரிப்பின் ஒரு பக்கம் அங்குலக் கட்டங்களும் மறுபக்கம் சென்டிமீட்டர்க் கட்டங்களும் அச்சிடப்பட்டிருந்தன. தென்னாப்பிரிக்காவில் துணி மீட்டரில் விற்கப்படுகிறது. குயில்ட் கணக்கோ அங்குலத்தில் நடக்கிறது. இந்த இரட்டைக் கணக்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, விரிப்பில் உள்ள கோடுகளை அளக்கவே பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். அளப்பது முழுக்க முழுக்க அளவுகோலின் வேலை. விரிப்பு கத்திக்கு அடியில் கிடந்தால் போதும். அந்த அளவுகோலும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். என்னுடையது 24 அங்குலம் நீளமுள்ள, தடித்த, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகை. பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலை இந்த வேலைக்கு ஒருபோதும் எடுக்கக் கூடாது. கத்தி அதன் விளிம்பைச் சீவிக்கொண்டு நேராக விரலுக்கு வந்துவிடும்.

துணிக்கு வருகிறேன். கிழக்குக் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலையில் அச்சாகும் ஷ்வேஷ்வே துணியைத் தேர்ந்தெடுத்தேன். நீலம் தோய்த்த பருத்தித் துணியில், செதுக்கிய செப்பு உருளைகளின் வழியாக அமிலக் கரைசலைப் பதித்து, சாயத்தை அங்கங்கே வெளுக்கச் செய்து உருவாக்கும் நுண்ணிய வெண்புள்ளி வேலை இதன் அடையாளம். பழுப்பும் சிவப்பும் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் பசோத்தோ மக்களின் அரசர் முதலாம் மொஷூஷூவுக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார் நீலத்துணியைப் பரிசளித்ததாகவும், அவர் பெயரே துணிக்கு நிலைத்ததாகவும் சொல்வார்கள். டர்பனின் பழைய கிரே தெருவில், அதாவது இன்றைய டாக்டர் யூசுப் தாதூ தெருவில், புடவைக் கடைகளுக்கு நடுவே இந்தத் துணியை வாங்குபவர்கள் அதை விரலால் நெருடிப் பார்ப்பதையும் முகர்ந்து பார்ப்பதையும் காணலாம்; நாக்கு நுனியால் தொட்டு உப்புச் சுவை இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. காரணம், துணியில் ஏறியிருக்கும் விறைப்பான கஞ்சி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில் கடற்காற்றின் ஈரத்திலிருந்து துணியைக் காக்க ஏற்றிய அந்தக் கஞ்சி, உள்நாட்டிலேயே ஆலை வந்தபின்னும் மரபாக நின்றுவிட்டது.

இரண்டு செய்திகள் வெட்டுபவருக்கு முக்கியமானவை. ஒன்று, ஷ்வேஷ்வேயின் அகலம் 90 சென்டிமீட்டர்தான். மற்றக் குயில்ட் துணிகளைப்போல 110 சென்டிமீட்டர் கிடையாது. மற்றொன்று, கஞ்சி போனபின் அது கணிசமாகச் சுருங்கும். நான் துவைத்து உலர்த்தி அளந்தபோது 90 சென்டிமீட்டர் 87 ஆகியிருந்தது. இரண்டு ஓரக் கரைகளையும் கழித்தால் 85, அதாவது 33½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே என்னைக் கவிழ்த்தது.

நீலத்துணியை மற்றவற்றுடன் சேர்க்காமல், தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கு முறை அலசினேன். உலர்ந்த துணி புடவைத் தலைப்புபோல மெத்தென்று குழைந்திருந்தது. உடுத்துவதற்கு அது சுகம், வெட்டுவதற்குத் தொல்லை. குழைந்த துணி கத்தியின் முன்னால் சிறு அலையாக ஒதுங்கிப் பின் வெட்டுப்படும். அந்த அலையின் அகலம் அளவில் பிழையாக வந்து நிற்கும். எனவே வடித்த கஞ்சியை நீர்த்துத் துணியை அதில் முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டேன். கஞ்சியைக் கழுவிவிட்டு மறுபடியும் கஞ்சியா என்று என் கணவர் சிரித்தார். கேள்வி நியாயமானதுதான், ஆயினும் சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிட்டது, விறைப்பும் திரும்பக் கிடைத்துவிட்டது. அரிசிக் கஞ்சி போட்ட துணியை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் பூச்சி வரும் என்பதால், போர்வை முடிந்ததும் அதை மீண்டும் துவைத்துவிட வேண்டும்.

திட்டம் எளியது. 6 அங்குலக் கட்டங்கள், அகலத்தில் 10, நீளத்தில் 12, மொத்தம் 120. அவற்றுள் 60 கட்டங்கள் பழுப்பு ஷ்வேஷ்வேயின் முழுச் சதுரங்கள். மீதி 60, நீலமும் வெள்ளையும் குறுக்காகச் சேர்ந்த இரட்டை முக்கோணக் கட்டங்கள். முழுச் சதுரத்துக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு 6½ அங்குலம் வெட்ட வேண்டும். சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டி இரண்டு முக்கோணம் ஆக்குவதற்கோ தைத்து முடித்தபின் வரும் அளவுடன் ⅞ அங்குலம் கூட்ட வேண்டும், ஆகவே 6⅞. ஒவ்வொரு சதுரமும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு பெரிதானால் பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ⅝ அங்குலம் மிஞ்சும். அடுத்த வரிசை சரியான அளவில் இருந்தால் இரண்டையும் இணைப்பது நடவாத காரியம்.

முதல் வெட்டு, துணியின் ஓரத்தை நேராக்கும் வெட்டு. கடையில் கிழித்துத் தரும் ஓரமோ கத்தரித்துத் தரும் ஓரமோ நம்பத்தக்கதன்று. துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடித்து, இரு கைகளாலும் தூக்கித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். மடிப்பின் அருகே சுருக்கம் அலை அலையாக விழுந்தால் ஒரு கரையை மற்றதன்மேல் இலேசாக இடமோ வலமோ நகர்த்தி, அலை நீங்கித் துணி கண்ணாடித் தகடுபோலத் தொங்கும்வரை சரிசெய்ய வேண்டும். கரைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினாலும் மேல் ஓரம் பொருந்தாமல் போகலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைத்தான் வெட்டி எறியப்போகிறோம். பின்னர் அளவுகோலின் குறுக்குக் கோடு ஒன்றை மடிப்பின்மேல் மிகச் சரியாகப் பொருத்தி ஓரத்தைச் சீவ வேண்டும். இந்தப் பொருத்தத்தில் சோம்பேறித்தனம் காட்டினால், வெட்டிய பட்டையை விரிக்கும்போது அதன் நடுவில் முழங்கை மடங்கியதுபோல ஒரு கோணல் தெரியும். என் முதல் பழுப்புப் பட்டையில் அது அழகாகத் தெரிந்தது. நேராக்கிய ஓரமும் என்றென்றைக்கும் நேராக இருப்பதில்லை. மூன்று நான்கு பட்டைகளுக்கு ஒரு முறை குறுக்குக் கோட்டை மடிப்பில் வைத்துச் சோதித்து, தேவையானால் மீண்டும் சீவிக்கொள்ள வேண்டும்.

ஷ்வேஷ்வேயில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சுப் புள்ளிகளின் வரிசை, நூலின் வரிசையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. என் நீலத்துணியில் பட்டையின் முழு அகலத்துக்குக் கால் அங்குலம் விலகியிருந்தது. நூலை ஒட்டி வெட்டினால் துண்டு இழுபடாது. அச்சை ஒட்டி வெட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும். கால் அங்குல விலகலுக்கு நான் அச்சின் பக்கமே சாய்ந்தேன். கஞ்சி போட்ட துணியில் அந்த அளவு விலகல் இழுபடாது; கோணிய புள்ளி வரிசையோ போர்வை கிழியும்வரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஓரம் சீவியபின் துணியைத் தொட்டுத் திருப்பாமல், விரிப்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். தொட்டால் சேர்த்துவைத்த அடுக்கு கலைந்துவிடும். இப்போது சீவிய ஓரம் இடப்பக்கம் வரும். அந்த ஓரத்தில் அளவுகோலின் 6½ அங்குலக் கோட்டைப் பொருத்தினால், நமக்கு வேண்டிய பட்டை அளவுகோலுக்கு அடியிலும் மிச்சத் துணி அதற்கு வெளியே வலப்பக்கத்திலும் இருக்கும். இந்த ஏற்பாட்டின் பயன் கத்தி விலகும்போதுதான் புரியும். கத்தி வெளியே ஓடினால் மிச்சத் துணியில் சிறு கீறல், அவ்வளவுதான். வேண்டிய துண்டு அளவுகோலின் காவலில் பத்திரமாக இருக்கும். கோட்டைப் பொருத்துவதிலும் ஒரு நிலையான பழக்கம் தேவை. அச்சிட்ட கோட்டுக்கே ஒரு பருமன் உண்டு. துணியின் ஓரம் கோட்டுக்கு அடியில் மறைய வேண்டுமா, கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா என்பதை முதல் துண்டிலேயே முடிவு செய்து, 120ஆம் சதுரம்வரை மாற்றாமல் இருக்க வேண்டும். நான் மறையவைத்தேன்.

கத்தியைப் பிடிப்பது பெரிய வித்தை அன்று. அலகின் தட்டைப் பக்கம் அளவுகோலை உரச, திருகுள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். கைப்பிடி ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருந்தாலும், அலகு விரிப்பின்மேல் செங்குத்தாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் மேலடுக்குத் துண்டும் கீழடுக்குத் துண்டும் வெவ்வேறு அளவாகிவிடும். மடிப்புக்குச் சற்று முன்னால், வெறும் விரிப்பின்மேலேயே அலகை இறக்கி, உடம்பைவிட்டு வெளியே தள்ளிச் செல்லும் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். தன்னை நோக்கி இழுத்து வெட்டவே கூடாது. ரம்பம்போல முன்னும் பின்னும் அறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியின் பஞ்சு விரிப்பின் கீறலுக்குள் புதைந்து அந்தக் கீறல் மூடாமல் போவதற்கு அதுவே காரணம். நான்கு அடுக்கு வரை 45 மில்லிமீட்டர் அலகு சுத்தமாக வெட்டியது. ஆறு அடுக்கு வைத்துப் பார்த்தபோது கீழ் இரண்டும் நகர்ந்துவிட்டன.

விரல் வெட்டுப்பட்டது மூன்றாம் வார இறுதியில். அது 2023, மின்வெட்டு அட்டவணை பார்த்து உலை வைத்த காலம். மாலை மின்சாரம் போனபின், இன்னும் நான்கே பட்டைதானே என்று, சார்ஜ் விளக்கை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். அந்த விளக்கு என் கையின் நிழலை அளவுகோலின் வலது விளிம்பின்மேல் விழச்செய்தது. சுட்டு விரலின் நுனி விளிம்பைத் தாண்டி அரிசி அளவு வெளியே நீண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கத்தி தடங்கலே இல்லாமல் ஓடியது. வலி தெரிவதற்கு முன்பு, வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நகத்தின் ஓரத்தோடு சேர்த்துச் சதை சீவப்பட்டிருந்தது.

சுத்தமான துணியால் விரலை இறுக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். எடுத்தால் உறைந்த இரத்தம் மீண்டும் கசியும். பின்னர் கணவர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். கறை பட்ட துண்டுகளைக் குளிர்ந்த நீரில் அலசியதும் இரத்தம் போய்விட்டது. வெந்நீரில் போட்டிருந்தால் கறை நிலைத்திருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் ஆயா ஒருவர் இருக்கிறார். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே அழைக்கிறேன். டர்பனின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், முதலில் தையல் இயந்திரத்திலும் பின்னர் வெட்டு மேசையிலுமாக வயதெல்லாம் கழித்தவர். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, அனுதாபம் எதுவும் சொல்லாமல், திண்டின்முன் என்னை நிற்கவைத்து, கத்தியை மூடிவைத்துவிட்டு அளவுகோலை மட்டும் பிடித்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வெட்டற கைய எல்லாரும் பாப்பாங்க கண்ணு. நீ புடிக்கிற கைய பாரு. அதான் வெட்டுது.”

தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்குகளாகப் பரப்பி, நின்றாடும் மின்கத்தியால் வெட்டுவார்கள். வெட்டுபவர் எஃகு வளையங்களைக் கோத்த கையுறை ஒன்றை அணிவார், அதுவும் துணியைப் பிடிக்கும் கையில் மட்டும். கத்தியைப் பிடித்த கைக்குக் கத்தி எங்கே போகிறது என்று தெரியும், மற்றக் கைக்குத் தெரியாது என்பது ஆயாவின் விளக்கம்.

அவர் திருத்திய பிடிப்பு இது. உள்ளங்கையை அளவுகோலின்மேல் தட்டையாகப் பரப்பக் கூடாது. தட்டையான கையில் எடை மணிக்கட்டுக்குப் போகிறது, விரல்கள் தாமாக ஓரத்துக்கு நீள்கின்றன. விரல்களைக் கூடாரம்போல மடக்கி நுனிகளால் மட்டும் ஊன்ற வேண்டும். கட்டைவிரலும் நடு மூன்று விரல்களும் அளவுகோலின்மேல், வெட்டும் விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் உள்ளே. சுண்டுவிரல் மட்டும் அளவுகோலின் மறுவிளிம்பைத் தாண்டி, துணியின்மேல் இறங்கி அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சுண்டுவிரல்தான் நங்கூரம். கத்தி அளவுகோலை இடப்பக்கம் தள்ளும்போது அதை ஏற்றுத் தடுப்பது அதுவே. கத்தி கைக்கு நேராக வந்ததும் நிறுத்த வேண்டும். அலகைத் துணியிலிருந்து எடுக்காமல், வலது கையை அசைக்காமல், இடது கை விரல்களை நண்டு நகர்வதைப்போல ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி மறுபடியும் ஊன்றி, பிறகு தொடர வேண்டும். 17 அங்குல மடிப்புக்கு இரண்டு முறை நகர்ந்தால் போதும்.

நான் அதுவரை கையை அளவுகோலின் நடுவில் ஒரே இடத்தில் வைத்து முழு நீளத்தையும் வெட்டிக்கொண்டிருந்தேன். முனையில் அளவுகோல் இலேசாகத் திரும்புவதும், பட்டையின் கடைசி நான்கு அங்குலம் எப்போதும் ஒரு நூலளவு ஒல்லியாக வருவதும் அதனால்தான் என்று அன்றுதான் விளங்கிற்று. கத்தி மொண்ணை என்று நினைத்து நான் ஓர் அலகை வீணாக மாற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். அளவுகோலின் அடிப்புறத்தில் மெல்லிய உப்புத்தாளைச் சிறு வட்டங்களாக வெட்டி ஒட்டினேன். சறுக்கல் பாதிக்கும் கீழே குறைந்தது. இடது கைக்கு, வெட்டுத் தாங்கும் நூலில் நெய்து உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளிகள் பதித்த கையுறை வாங்கினேன். வழவழப்பான கையுறை அளவுகோலில் வழுக்கும் என்பதால் ரப்பர்ப் புள்ளி அவசியம். மூன்றாவது, கத்தியைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் “மூடு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அலகின் உறையைத் தள்ளுவது. என்னுடைய கட்டர் கையால் மூடும் வகை. பிடியைத் தளர்த்தினால் தானே மூடிக்கொள்ளும் வகையும் உண்டு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவே மேல். வாய்விட்டுச் சொல்வதை முதலில் என் மகள் கேலி செய்தாள்; இப்போது நான் மறந்தால் அடுத்த அறையிலிருந்து அவளே சொல்கிறாள். மின்வெட்டு நேரத்தில் வெட்டுவதில்லை என்பதை ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை, அது அச்சம்.

நீலத்துணியை 6⅞ அங்குலப் பட்டைகளாக வெட்டியபின்தான் முன்பு சொன்ன 33½ அங்குலம் என்னைக் கவிழ்த்தது. 6½ சதுரங்கள் பட்டைக்கு ஐந்து வந்தன; ஐந்து பெருக்கல் 6½ என்றால் 32½, ஓர் அங்குலம் மிச்சம். அதே ஐந்தை 6⅞க்கும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு பட்டை போதும் என்று வெட்டினேன். ஐந்து பெருக்கல் 6⅞ என்பது 34⅜. துணியில் அந்த அகலம் இல்லை. பட்டைக்கு நான்கே சதுரம்; 30 சதுரத்துக்கு எட்டுப் பட்டைகள். நல்லவேளை, விளிம்புப் பட்டிக்காகக் கூடுதலாக வாங்கி 2½ மீட்டர் வைத்திருந்தேன். 110 சென்டிமீட்டர் துணிக்கு எழுதப்பட்ட கணக்குகளை ஷ்வேஷ்வேக்கு அப்படியே எடுத்துக்கொள்பவர் எவரும் இந்தப் பள்ளத்தில் விழுவார்.

நான்காம் வார இறுதியில் கத்தி வெட்டாமல் விட்டுவிட்டுப் போகத் தொடங்கியது. பட்டையைப் பிரித்தால் அங்கங்கே இரண்டு மூன்று நூல் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பார்த்தேன்: ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு முறை சுற்றி உருளும் தூரம் 141 மில்லிமீட்டர். அப்படியானால் அலகு முழுவதும் தேயவில்லை. விளிம்பில் ஓரிடத்தில் பல் போயிருக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ஒரு சிறு குழிவு பளிச்சிட்டது. அடுக்கைச் சேர்த்துப் பிடிக்க நான் குத்தியிருந்த குண்டூசியின்மேல் கத்தி ஏறியதன் விளைவு அது. விடுபடல் சீராக 14 சென்டிமீட்டருக்கு ஒரு முறை வந்தால் அலகில் குழிவு. ஒழுங்கற்று எங்கும் வந்தால் அலகு மொண்ணை, அல்லது விரிப்பில் பள்ளம். எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் விரிப்பில்தான் குற்றம். விரிப்பை அரை அடி நகர்த்தி வெட்டிப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

அலகு மாற்றுவதைப் படபடப்பில் செய்யக் கூடாது. ஒரு தாளை விரித்து, திருகு, வளைந்த வாஷர், உறை, அலகு, மரை என்று கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி வைத்தேன். உறைக்கும் அலகுக்கும் நடுவில் நீலப் பஞ்சு ஒரு வளையமாகப் படிந்திருந்தது. அதைத் துடைத்தாலே பழைய அலகு சில சமயம் மறுபடியும் வெட்டும். புதிய அலகுகள் எண்ணெய்ப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டைச் சேர்த்து மாட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று விழித்தவர்கள் உண்டு. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மரையை முடுக்கினேன். மிகவும் முடுக்கினால் சக்கரம் உருளாமல் ஒரே இடம் தேயும், தளர்த்தினால் ஆடும். விரலால் கைப்பிடியை விரிப்பின்மேல் இலேசாக உருட்டும்போது தடையின்றிச் சுற்றுவதே சரியான பதம். கழற்றிய அலகு மொண்ணையானாலும் தோலுக்கு அது கத்திதான். அதை மாஸ்கிங் டேப்பில் சுற்றி, மூடியில் கீறலிட்ட ஒரு காலி ரிக்காஃபி காப்பித்தூள் டப்பாவில் போட்டுவைக்கிறேன்.

மூலைவிட்ட வெட்டு கடைசியாக வந்தது. நேர்வெட்டில் பழகிய கை இதில் ஏமாறும். ஏனெனில் குறுக்கு ஓரம் இழுத்தால் நீளும். சதுரத்தை நான் திருப்பாமல், அளவுகோலின் 45 பாகைக் கோட்டைச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் பொருத்தி, விளிம்பு இரு மூலைகளின் வழியாகவும் போகிறதா என்று பார்த்தபின் வெட்டினேன். வெட்டிய முக்கோணங்களைக் கையில் அள்ளாமல், அட்டையால் தாங்கி எடுத்துத் தட்டில் அடுக்கினேன். கஞ்சி இங்கேதான் தன் கூலியை முழுதாகத் தந்தது. 120 முக்கோணங்களில் நீண்டு கெட்டவை இரண்டே.

தைப்பதைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. முதல் இரண்டு சதுரங்களைத் தைத்துத் திறந்து அளந்தபோது சரியாக 12½ அங்குலம் வந்தது. அதன்பின் தையல் இயந்திரத்துக்குத்தான் வேலை. விளிம்புப் பட்டிக்குச் சுற்றளவு 264 அங்குலம். மூலைகளுக்கும் இறுதி இணைப்புக்கும் சேர்த்து 276. 33 அங்குல நீளமுள்ள 2½ அங்குலப் பட்டைகள் ஒன்பதைச் சாய்வாக இணைத்தால் ஓர் அங்குலம்தான் மிஞ்சும் என்று கணக்கு வந்ததால் பத்தாக வெட்டினேன்.

ஆயா கடைசியாக ஒரு முறை வந்தார். பழுப்புச் சதுரங்கள் அறுபதையும் சீட்டுக்கட்டுபோல இரு கைகளிலும் சேர்த்து, திண்டின்மேல் நான்கு பக்கமும் தட்டி நிமிர்த்தினார். தொழிற்சாலையில் அவர்கள் அளந்து பார்க்காமல் இப்படித்தான் சரிபார்ப்பார்களாம். பிறகு கண்ணால் பார்க்காமல் விரலால் அடுக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்து, நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி என்னிடம் நீட்டினார். அளந்தேன், பதினாறில் ஒரு பங்கு அதிகம். அது விரல் வெட்டுப்படுவதற்கு முந்தைய வாரத்துப் பட்டை. அதைச் சீவித் திரும்ப அடுக்கில் வைப்பதற்குள், நீலப் பட்டைகளின் ஓரத்தில் மிஞ்சியிருந்த ஆறு அங்குலத் துண்டுகள் எட்டையும் பாத்திரம் பிடிக்கும் துணி தைப்பதற்கென்று அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.